கைநாட்டு ஒழிந்தால் மட்டும் போதாது: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு வணக்கம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி 68.54; மாநிலத்திலேயே கடைசி. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2027-இல் முடிகிறது. அதில் வகுத்திருக்கும் 200 மணி நேரம் போதும்தான். அது எங்கே ஒழுகிப்போகிறது என்பதை மாலை மையங்களில் சொல்லிக்கொடுக்கும் நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

பெரிய ஓட்டை, கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து. புத்தகத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடிப்பார்கள். அப்போதும் 'ள'வும் 'ன'வும் ஒன்றாகவே தெரியும். 'நமக்கு மண்டையில ஏறலைங்க' என்று நாலாம் நாள் நின்றுவிடுவார்கள். மண்டையில் ஒரு குறையும் இல்லை. பலருக்கு +1.50 முதல் +2.50 வரை ஒரு கண்ணாடி போதும். கண் முகாம் முடிந்த பிறகுதான் வகுப்பு தொடங்க வேண்டும். விளக்கும் அப்படித்தான்: நடுவில் ஒற்றை பல்பு இருந்தால், அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரின் நிழல் அவர் சிலேட்டிலேயே விழும். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு டியூப்லைட் வேண்டும்.

அடுத்தது, எழுத்து வரிசை. களைக்கொத்து பிடித்துக் காய்ந்த விரலுக்கு 'அ', 'இ' போல வளைந்து சுழிக்கும் எழுத்துகளில் தொடங்குவது கொடுமை. நேர்கோட்டில் நிற்கும் ட, ப எழுதி, ம சேர்த்து, புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டால் முதல் வாரமே படம், மடம், பட்டம் படித்துவிடுவார்கள். அந்த முதல் சொல் தரும் தெம்பில்தான் மறுவாரம் வருகிறார்கள். திணறுவது கொம்பில். பென்னாகரம் பஸ் பலகையில் முதலில் நிற்பது கொம்பு, வாயில் முதலில் வருவது 'ப'. இதற்கு மட்டும் ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்களுக்கு, 'கடை'யின் ககரமும் 'தங்க'த்தின் ககரமும் வேறு வேறு ஒலி. இரண்டுக்கும் தமிழில் ஓர் எழுத்துதான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாடநூல் சொல்வதில்லை என்றால் நடத்துபவராவது சொல்லட்டும்.

தக்காளி மண்டியில் மனக்கணக்கில் யாரும் இவர்களை ஏமாற்ற முடியாது. வங்கிச் சீட்டில் 'மூவாயிரத்து ஐந்து' எழுதச் சொன்னால் 30005 என்று வரும். காதில் விழுந்தபடி 3000-ஐயும் 5-ஐயும் ஒட்டிவிடுகிறார்கள். நாலு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எண் என்று பழக்கினால் சரியாகிவிடும்.

காலமும் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் புளி, சித்திரையிலிருந்து மாம்பழம். அந்த மாதங்களில் வகுப்பை அரை நேரமாக்குங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் இடையில் திரும்புபவரை விட்ட இடத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடித்தே ஆகவேண்டும் என்று நெருக்கக் கூடாது.

தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை. ஒருவரை மட்டும் நம்பினால், அந்தப் பெண் கல்லூரிக்கோ கல்யாணமாகியோ போனதும் மையம் பூட்டிக்கொள்கிறது. மையத்துக்கு இருவரைப் போடுங்கள். பஸ் செலவாவது கொடுங்கள். அம்மாவோடு வரும் குழந்தைகளுக்கு ஓரமாய் ஒரு பாயும் நாலு படக்கதைப் புத்தகமும் இருந்தால், வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து தேறும்.

கடைசியாக, வாசிப்பு, எழுத்து, கணக்கு என 150 மதிப்பெண் தேர்வு. தேர்வு முடிந்ததும் கதவு சாத்தப்படுகிறது. மறுவருடம் பார்த்தால் கையெழுத்து மட்டும் மிச்சம். வாரம் ஒரு மாலை ஊர்ப்புற நூலகத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். செல்போனுக்குத் தமிழில் வரும் ரேஷன் குறுஞ்செய்தியை அங்கே அவர்களே வாசிக்கட்டும். நூலகர் ஓரமாய் நின்றால் போதும்.

அடுத்த அணி சேர்வதற்குள் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் கண் முகாம் தேதியை அறிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மாலை மையத் தன்னார்வலர்கள்