ராசிபலனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதிப் பள்ளி ஒன்றில் ஸ்மார்ட் போர்டு திறந்த படத்துக்குக் கீழே, "இனி எல்லாப் பாடமும் எளிதாகிவிடும்" என்று போட்டிருந்தீர்கள். ரிப்பன் வெட்டியவர், சால்வை போட்டவர், பக்கத்தில் நின்றவர் பெயரெல்லாம் இருந்தது. எந்தப் பாடத்தை எப்படி நடத்தப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. இடம் போதவில்லை போலும்.

தங்களுக்குத் தெரியாததல்ல. ப்ரொஜெக்டர் இம்மி நகர்ந்தால் தொடுவது ஓரிடம், கோடு விழுவது வேறிடம். திரையில் வரும் புள்ளிகளை வரிசையாகத் தொட்டு மறுபடி சரிசெய்ய வேண்டும். அது தெரிந்த கம்ப்யூட்டர் ஆசிரியரோ வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருப்பார். ஆக, வீடியோ ஓடும். பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பார்கள்.

மும்பைப் பிள்ளைகளுக்குக் கடலே பாடம். கடல் ஏற்றம், இறக்கம் இரண்டின் நேரத்தையும் உயரத்தையும் 15 நாளுக்குத் திரட்டினால் போதும். கணக்கு அட்டவணை போடும் லிப்ரே ஆபிஸ் கால்க் மென்பொருள் இலவசம், நெட்டும் வேண்டாம். ஒரு கட்டத்தில் தேதியும் நேரமும் சேர்த்து, பக்கத்துக் கட்டத்தில் உயரம். 16.25 என்று புள்ளி வைத்தால் அது நேரமாகாது, வெறும் எண். 16:25 என்றே அடிக்க வேண்டும். வரைபடம் 'எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்'. 'லைன்' போட்டால் இடைவெளியெல்லாம் சமமாகி, ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துவது மறைந்துபோகும். சரியாக வரைந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கோடு ஓங்குவதும் அஷ்டமியை ஒட்டி ஒடுங்குவதும் பளிச்சென்று தெரியும். அறிவியலுக்கு நிலா, கணக்குக்கு வரைபடம், தமிழுக்கு நெய்தல் பாட்டில் வரும் ஓதம் (கடலேற்றம்). 4.5 மீட்டருக்கு மேல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்தால் நம் மும்பைச் சயானில் தண்ணீர் ஏன் வடிவதில்லை என்பது புவியியல். நாலுக்கும் ஒரே ஃபைல்.

தமிழ் என்றதும் இன்னொன்று. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் ஏறியது 1991இல். பயிற்சித் தாள்கள் இன்னமும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்த பாமினி என்னும் பழைய எழுத்துருவில்! அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா'வைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தங்கள் மாணவர் போட்டி விண்ணப்பமும் அப்படித்தான் வருகிறது, சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள்.

போகட்டும். மழைக்காலம் முடிந்ததும் கடல் நேரத்தை நிறுத்திவிடுகிறீர்களே, அதை ஆண்டு முழுதும் போடுங்கள். இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் (சில நாள் மொத்தமே மூன்றுதான் வரும்), மீட்டரில் உயரம். ராசிபலன் பக்கத்தில் ஓர் அங்குலம் போதும். மேஷ ராசிக்காரர்கள் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை.