கத்தியைக் கீழே வைத்த டாக்டருக்கும், கொழுந்து எடுத்த அக்காமார்களுக்கும்

கோத்தகிரி

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் மறுபடி எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். புற்று வந்த என் உணவுக்குழாய் இப்போது சுத்தமாக இருக்கிறதாம். அதான் எழுதுகிறேன்.

முதல் நன்றி நம்மூர் கிளினிக் டாக்டரம்மாவுக்கு. சூடாக டீ குடித்தால் நெஞ்சுக்குள் சுருக்கென்றது, அவ்வளவுதான். வாயுவுக்கு மாத்திரை கேட்டேன். என் பல்லில் இருந்த வெற்றிலைக் கறையைப் பார்த்தவர், "புகையிலை எத்தனை வருஷம்?" என்றார். முப்பது என்றேன். குழாய் விட்டுப் பார்த்தே ஆகணும் என்று கோயம்புத்தூருக்குச் சீட்டு எழுதிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான்.

அங்கே உள்ளே அயோடின் தெளித்தார்கள். சுற்றிலும் பழுப்பேற, ஒரு ரூபாய்க் காசு அளவு இடம் மட்டும் நிறம் ஏறாமல் நின்றது. சதை எடுத்துப் பார்த்ததில் அதுதான் புற்று.

அறுவை சிகிச்சை டாக்டரிடம் நடுங்கிக்கொண்டே போனேன். உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரோ ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "புற்று உள்சவ்வைத் தாண்டின மாதிரி தெரியல. இதுக்கு நான் வேண்டாம்" என்று குடல் டாக்டரிடம் தானே கூட்டிப்போனார். கைக்கு வந்த வேலையை அடுத்தவருக்கு விட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை ஐயா.

குடல் டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு, சவ்வுக்கு அடியில் மருந்து நீர் ஏற்றி உப்பவைத்து, கெட்ட இடத்தை ஒரே துண்டாக உரித்தெடுத்தார். இஎஸ்டி என்கிறார்கள், ஜப்பான்காரர்கள் வளர்த்த முறையாம். வெளியே ஒரு தழும்பு இல்லை. ஆனால் புற்று ஆழமாகப் போயிருந்தால் நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கலாம், அப்போது ஆபரேஷன்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். துண்டின் ஓரமும் அடியும் சுத்தம் என்று ரிசல்ட் வரும்வரை அவர் சிரிக்கவே இல்லை. அந்த நேர்மைக்கும் நன்றி.

மூன்றாவது வாரம் புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கி இட்லிகூட இறங்கவில்லை. பலூன் வைத்து இரண்டு தடவை விரித்தார்கள். அதற்காக ராத்திரியில் பனிமூட்டத்தில் என்னை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து ஜீப்பை இறக்கிய தம்பி, டீசலுக்குக்கூட காசு வாங்கவில்லை.

அப்புறம் பக்கத்துத் தோட்டத்து அக்காமார்களே, நான் படுத்திருந்தபோது கொழுந்து பறிக்கும் ரவுண்டு தவறி இலை முற்றிவிடாமல் கொழுந்து எடுத்துக் கொடுத்தீர்கள். கூலி வேண்டாம் என்றீர்கள். சரி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுங்கள். டீயும் உண்டு, ஆனால் ஆறவைத்துத்தான் தருவேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி