ஆவாரை இருக்க மாத்திரை எதற்கு என்ற வரி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வறண்ட நிலத்து மூலிகைகளைப் பற்றி வந்த கட்டுரையில், 'ஆவாரையும் சிறுகுறிஞ்சானும் இருக்கையில் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை எதற்கு?' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் செம்மணல் தேரிக்காட்டுச் செடிகளையும் ஒருவர் பொருட்படுத்தி எழுதினாரே என்று நன்றி தெரிவிக்கத்தான் நினைத்தேன். அந்த வரியைப் படித்த பின் மனம் வரவில்லை.

என் அக்காள் இதே போன்றதொரு வரியை வேறோர் இதழில் படித்துவிட்டுத்தான் மாத்திரையை நிறுத்தி, ஆவாரம்பூக் கஷாயம் மட்டும் குடித்துவந்தார். விறகு பொறுக்கப் போன இடத்தில் காலில் ஏறிய உடைமரத்து முள் அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரை கூடிக்கூடி உணர்ச்சி மரத்துப்போன பாதம் அது. செருப்பில் சீழ் பிசுபிசுத்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. பெருவிரலை எடுக்கும்படி ஆயிற்று. கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. மாத்திரை இருந்த இடத்தில் அதை வைக்கச் சொன்ன எழுத்தைத்தான் சொல்கிறேன்.

மூலிகைக்கு நான் பகையில்லை. சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீர் என்னும் கஷாயத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை ஆகியவையும் சேரும் என்பது தாங்கள் அறியாததல்ல. அதை வெறும் பூவாகச் சுருக்கியது கட்டுரை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் இனிப்பே தெரியாமல் மணலாக நறநறக்கும். ஆனால் நாக்கில் இனிப்பு மறைவது வேறு, இரத்தத்தில் சர்க்கரை இறங்குவது வேறு. அந்த இலைச் சாற்றைக் குறித்துச் சென்னை ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், 22 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம், அவர்கள் உண்டுவந்த மாத்திரைகளோடு சேர்த்தே, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையக் குறையத்தான் பலருக்கு மாத்திரை அளவைக் குறைத்தார்கள். அதை அறவே விட முடிந்தவர்கள் ஐந்து பேர். நம்பிக்கை தரும் செய்திதான், ஆயினும் சிறிய ஆய்வு. கட்டுரையாளர் அந்த ஐவரைப் போன்றவர்களை மட்டும் கண்டு, மற்றவர்களை மறந்துவிட்டார்.

அவர் இகழும் மாத்திரைகளில் ஒன்றான மெட்ஃபார்மினுக்கும் மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவின் கலேகா என்ற அந்தச் செடியைத் தின்ற ஆடுகள் இறந்ததுண்டு. அதிலிருந்த பொருளை ஆராய்ந்து, அதன் வழியில் தீங்கு குறைந்த மருந்தொன்றை வேதியியலாளர்கள் முன்பே ஆய்வுக்கூடத்தில் செய்திருந்தார்கள். அதற்கு அளவு கண்டு, 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். நம் செடிகளுக்கும் அந்த உழைப்பு கிடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அது அவற்றுக்குச் செய்த மரியாதை ஆகியிருக்கும்.

கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே சர்க்கரை நோயை அடியோடு தீர்ப்பதாகச் சொல்லும் பொடி விளம்பரமும் வந்திருந்தது. அத்தகைய விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது என்பதைப் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு ஒரு வாசகி சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. இது முதல் முறையும் அன்று. முன்பு இதே பொருள் குறித்து நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் காட்டியிருந்தால்கூட அந்த வரி அச்சேறியிருக்காது.

மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம், மூலிகை உண்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும் என்று அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திசையன்விளை