பருவத் தொடக்கத்திலேயே பெற்றோருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முதல் பருவத் தேர்வு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளிகள் திறக்கும்போது மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பருவப் பாடநூல்கள் வழங்கப்படும். அவற்றில் என்ன இருக்கிறது, டிசம்பர் இறுதிக்குள் தம் பிள்ளை எவற்றைக் கற்றிருக்க வேண்டும் என்பது பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பருவம் முடிந்ததும் மதிப்பெண் அட்டையில் அவர்களிடம் கையெழுத்து வாங்கும் நாம், பருவம் தொடங்கும்போது பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்று சொல்வதில்லை. இனி ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், வகுப்பு வாரியாக, ஒரே பக்கத்தில், எளிய நடையில் அதை அச்சிட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று, கன்னியாகுமரி மாவட்டத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது அதன் நோக்கங்களில் ஒன்று புத்தகப் பையின் சுமையைக் குறைப்பது. அது நல்ல பலன் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆண்டு முழுவதற்கும் ஒரே புத்தகம் இருந்த காலத்தில் தாயோ தாத்தாவோ அதைப் புரட்டிப் பார்த்து, இது முடிந்தால் அடுத்து இது என்று அறிந்துகொள்ள முடிந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை நூல் மாறிவிடுவதால், வீட்டார் அதைக் கவனிக்கத் தொடங்கும் நேரத்தில் அது பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறது. பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் கிடைக்கின்றனவே என்பார்கள். நூறு பக்க நூலைக் கைபேசித் திரையில் தள்ளித் தள்ளிப் படித்து, இதில் என் பிள்ளைக்கு வேண்டியது எது என்று பிரித்தறிவது ஆசிரியர்களுக்கே எளிதன்று.

இந்த மூன்று வகுப்புகளை நான் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. முதல், இரண்டாம் வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒரே பாடமாக இருப்பது மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. கணக்குப் பாடத்திலும் எண்களோடு வடிவியல், அமைப்புகள், அளவைகள், காலம், தகவல் செயலாக்கம் (விவரங்களைத் திரட்டி அட்டவணையாகவும் படமாகவும் காட்டுவது) என்று பல தலைப்புகள் வரிசையாக வளர்கின்றன. வீட்டிலோ கணக்கு என்றால் வாய்ப்பாடு ஒப்பிப்பது, தமிழ் என்றால் செய்யுள் ஒப்பிப்பது என்ற அளவிலேயே கேள்விகள் நின்றுவிடுகின்றன. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளை, காலை 9.30-க்குப் புறப்பட்ட பேருந்து 11.10-க்கு வந்து சேர்ந்தால் பயணம் எவ்வளவு நேரம் என்று கேட்டால் விழிப்பதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். இந்தப் பருவத்தில் காலக் கணக்கு வருகிறது என்று ஒரு வரி எழுதித் தந்திருந்தால், நாகர்கோவில் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாயே அதைக் கேட்டிருப்பார்.

தகவல் செயலாக்கத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்கான பொருள் தங்கள் நாளிதழிலேயே இருக்கிறது. இரண்டாம் பருவம் என்பது நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது மாவட்டச் செய்திப் பக்கங்களில் அணைகளின் நீர்மட்டமும், பாலமோர், தக்கலை, குழித்துறை, பூதப்பாண்டி, கொட்டாரம், மயிலாடி என ஊர்வாரியாக மழையளவும் வெளிவருகின்றன. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரத்து மழையளவை வெட்டி எடுத்து, அட்டவணையாக எழுதி, கட்டம் போட்ட தாளில் பட்டை வரைந்தால் அந்தப் பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு அணைகளுக்கு 18 அடி. இன்று பேச்சிப்பாறையில் 36 அடி, சிற்றாற்றில் 12 அடி என்றால் எந்த அணை நிரம்புவதற்கு அருகில் இருக்கிறது என்று கேளுங்கள். 12 அடி குறைவு, 6 அடி குறைவு என்று கழித்துப் பார்க்கும் பிள்ளை சிற்றாறு என்று சொல்லும். பின்னம் தெரிந்த பிள்ளை, ஒன்று நான்கில் மூன்று பங்கு, மற்றது மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே பேச்சிப்பாறைதான் என்று வாதாடும். (இது உயரத்தின் கணக்குதான், அணை மேலே போகப் போக விரிவதால் தண்ணீரின் அளவு இதே விகிதத்தில் இராது. அது பெரிய வகுப்புக்கு உரியது.) பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதிப்பது ஏன் என்ற கேள்வியிலிருந்து கோதையாறு, குழித்துறை ஆறு, கடல் என்று சமூக அறிவியலுக்கும் போய்விடலாம். இவை எதற்கும் தனிச் செலவில்லை. எந்தப் பருவத்தில் எது வருகிறது என்பதை வீட்டார் அறிந்திருந்தால் போதும்.

நம் மாவட்டப் பெற்றோர் இதைச் செய்யக்கூடியவர்களா என்று சிலர் கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. ஒரு பக்கத்தை வாசிக்க ஆளில்லாத வீடுகள் குறைவு. அதைவிட முக்கியமானது, பாடநூலில் வரும் அளவைகளை நாள்தோறும் கையாளுகிறவர்களே இங்குள்ள பெற்றோர் என்பது. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு லிட்டரும் கிலோவும், மீன் ஏலம் எடுக்கும் அம்மைக்கு லாபமும் நட்டமும், தோவாளையில் பூக் கட்டுகிறவருக்கு முழமும் எண்ணிக்கையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லாமல் அப்பா வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எங்கள் குலசேகரம் பக்கத்தில் ஏராளம். தூத்தூர்ப் பகுதியில் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக் கணக்கில் ஆகும், அங்கே எல்லாம் தாயின் பொறுப்பு. அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போய்விட்டு மாலையில் திரும்பும் தாய்க்கோ கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில் எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பருவம் விடுமுறைகளால் அடிக்கடி துண்டாகிற பருவமும்கூட. வழக்கமாக நவம்பர் 1-க்கும், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3-க்கும் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது. கனமழைக்கு ஆட்சியர் விடும் விடுமுறைகள் தனி. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள் வேண்டும் என்று சட்டம் சொல்வதால் சனிக்கிழமைகளில் ஈடுசெய்கிறார்கள் என்றாலும், அன்று வருகை எப்படியிருக்கும் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. பாடங்களின் வரிசை கையில் இருந்தால், தவறிய நாள்களில் எது விடுபட்டது என்பதாவது வீட்டில் தெரியும்.

இது சலுகை கேட்பதும் அன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில், பெற்றோரை முறையாகக் கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆனால் நான் இருந்த கூட்டங்களில் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அவை தேவையில்லை என்று சொல்லவில்லை. பாடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் ஒதுக்கலாம் என்கிறேன்.

இதை எழுதும் வேலையை வகுப்பாசிரியர் தலையில் சுமத்தக் கூடாது. ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளையும், பதிவேடுகளையும், கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்களையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்து, குழந்தைகளுக்கு எளிய தமிழில் எழுதிக் காட்டிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் அது. அந்நிறுவனமும் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களும் ஒருமுறை எழுதிவிட்டால் மாவட்டம் முழுவதற்கும் அதுவே போதும். ஒரே ஒரு நிபந்தனை: ‘மாணவர் தரவுகளைத் திரட்டி வரைபட வடிவில் வெளிப்படுத்தும் திறன் அடைவர்’ என்று எழுதாமல், ‘ஒரு வாரத்து மழையளவைப் பட்டைப் படமாக வரையக் கற்பார்கள், வீட்டில் பத்திரிகையைக் கொடுத்துப் பாருங்கள்’ என்று எழுத வேண்டும்.

அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதை அந்தப் பக்கத்தில் விளக்கலாம். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் தாளில் எழுதாமல், பெற்றோரிடம் நேரில் சொல்வதே முறை. தாள் பத்துக் கைகளுக்குப் போகும்.

வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிவிட்டோம் என்று முடித்துக்கொள்ளவும் வேண்டாம். கைபேசி பல வீடுகளில் தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. அச்சிட்ட தாள் சுவரில் ஒட்டப்பட்டு இருக்கும். விளவங்கோடு பகுதியில் மலையாள வழியில் படித்த தாய்மார் உள்ள வீடுகளுக்கும், மலையாள வழிப் பள்ளிகளுக்கும் அம்மொழியில் ஒரு பிரதி வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) இதற்கு இப்போதே ஏற்பாடு செய்தால், பள்ளி திறக்கும் நாளில் பாடநூல்களோடு சேர்த்தே பிள்ளைகளிடம் கொடுத்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
குலசேகரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.