வீடிழந்தோர் காட்சிக்கு ஒலி சேர்த்தவர்களுக்கு நன்றி

நண்பர்களே, தோழர்களே,

வீடுகள் இடிக்கப்படும் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, அதற்கான ஒலியை அங்கேயே, அப்போதே உருவாக்கும் நிகழ்வு நல்லபடியாக நடந்து முடிந்தது. மேடையில் தெரிந்தது நான் மட்டும்தான். அந்த ஒலிக்குப் பின்னால் இருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, வீடிழந்த குடும்பங்களுக்கு. உங்கள் கைபேசிப் பதிவுகளைத் தந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள்: "நாங்க அழுறதைப் பாட்டாக்கிடாதீங்க." மொத்த நிகழ்வும் அந்த ஒரு வரியிலிருந்துதான் உருவானது. இடிபடும் சுவருக்குப் பின்னால் வயலினை இழையவிட்டால் பார்ப்பவர் கண் கலங்குவார், கலங்கியதோடு கடமை முடிந்தது என்று எழுந்தும் போய்விடுவார். அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். அழுகைக்குப் பதிலாக நீங்கள் கொடுத்தனுப்பிய தகரம், கதவின் கீல், ஜன்னல் கம்பி இவற்றையே வாசித்தேன். யார் இடித்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை உங்கள் குரல்களே சொல்லின. அந்த இடங்களில் மற்ற எல்லா ஒலியையும் நிறுத்திவிட்டேன்.

அடுத்து, மிக்ஸரில் இருந்த தோழர். தகரத்தில் ஒட்டி அதன் அதிர்வை ஒலியாக்கும் காண்டாக்ட் மைக்கை, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் நேராகச் செருகினால் அடித்தொனி காணாமல் போய், கிரீச்சென்ற ஒலி மட்டும் மிஞ்சும். அந்த மைக்கின் உள்ளே அதிர்வை மின்சாரமாக்கும் பியேசோ தகட்டின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) அவ்வளவு அதிகம். அதற்கு 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட ப்ரீஆம்ப் (மிக்ஸருக்கு முன்னால் வரும் சிறு பெருக்கி) ஒன்றை நீங்களே சால்டர் வைத்துச் செய்து தந்தீர்கள். ப்ரொஜெக்டரை இணைத்ததும் கிளம்பிய ஹம் சத்தத்தையும் பொறுமையாகத் தேடிப் பிடித்து அடக்கினீர்கள். ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்குக்குள் போவதால், அதன் முன்னால் தகரம் தானாகவே ஊளையிடும் அல்லவா, ஃபீட்பேக் என்பார்களே? அந்த அதிர்வெண்களை ஒவ்வொன்றாக வெட்டி, ஒன்றை மட்டும் நான் வாசிப்பதற்காக விட்டுவைத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. புல்டோசர் வரும் இடத்தில் அரங்கத்தையே அதிரவைத்தது அந்த ஃபீட்பேக்தான். அப்புறம், நான் வாசிப்பது எனக்கே உடனே கேட்க என் காலடியில் வைத்த சின்ன மானிட்டர் ஸ்பீக்கர். 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி வந்துசேர ஏறக்குறைய 30 மில்லி விநாடி ஆகும். அதை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தாமதத்தில் தாளம் நழுவிவிடும்.

காட்சிகளை நேரலையில் வெட்டி ஒட்டிய தோழியே, நான் நிறுத்தினால் நீங்கள் திரையைக் கறுப்பாக்குவது என்பது மட்டும்தான் நம் ஒப்பந்தம். கடைசிப் பகுதியில் நீங்கள் முதலில் கறுப்பாக்கினீர்கள். கையை எடுத்துவிட்டேன். உங்கள் முடிவுதான் சரி.

1969இல் லண்டனில் இசையமைப்பாளர் கார்னீலியஸ் கார்டியூவும் நண்பர்களும் தொடங்கிய ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழுவில், இசை படிக்காதவர்களும் சமமாக உட்கார்ந்து வாசித்தார்கள். ஒத்திகையில் இதை எங்களுக்குச் சொன்ன மூத்த தோழருக்கு நன்றி. அதைக் கேட்ட பிறகுதான், பதிவு தந்த குடும்பத்துப் பெண்கள் இருவர் தாங்களே வந்து கம்பியைத் தட்டினார்கள். நிகழ்விலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

முடிந்த பிறகும் இருந்து வாதம் செய்த பார்வையாளர்களுக்கும் நன்றி. பலர் ஒலிப்பதிவு கேட்கிறீர்கள். அதில் இருக்கும் குரல்கள் அந்தக் குடும்பங்களுடையவை. அவர்கள் முழுதாகக் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே பகிர்வோம்.

அன்புடன்,
தகரம் வாசித்தவன்