வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் புத்தகக் கண்காட்சிப் பயணமும் வழக்கம்போல் நடந்தன. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கினோம்.

அடுத்து, நான் பொறுப்பேற்ற சனிக்கிழமை வாசிப்பு. இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் நாஜிகள் ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்ற கதையை 6 மாதம் பேச வேண்டுமா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பேச வேண்டும் என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

போலந்தின் வார்சா நகரில், யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதியில் 4 லட்சம் பேர் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, எமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் சுமார் 60 பேரைக் கூட்டி ரகசியமாக ஆவணம் சேர்த்தார். அவர்கள் கூடியதும் சனிக்கிழமைகளில்தான். ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை என எதையும் தள்ளவில்லை. 1942 ஜூலை 22 முதல் இரண்டு மாதத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அந்த நாட்களில்தான் 10 தகரப் பெட்டிகளை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் புதைத்தார்கள். ரிங்கெல்ப்ளூம் 1944இல் மனைவி, மகனோடு கொல்லப்பட்டார். குழுவில் பிழைத்தவர்கள் 3 பேர். அவர்களில் ஒருவரான ஹெர்ஷ் வாஸர் அந்தக் குழுவின் செயலாளர். புதைத்த இடத்தைத் தேடிக் காட்டியவர் அவர். 1946இல் பெட்டிகளைத் தோண்டி எடுத்தபோது உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. பிறகு புதைத்து, 1950இல் கிடைத்த இரண்டு பால் கேன்களில் இருந்த தாள்கள் அவ்வளவு கெடவில்லை. மூன்றாவது புதையல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு ஒரு பழைய பால் கேனை வாங்கி வந்து மேசைமேல் வைத்திருந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது. அப்புறம் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

அன்று வந்தவர்கள் 5 பேர். நம் உறுப்பினர்கள் 43 பேர். கூட்டத் தகவலை நான் ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னேன். "வருகிறேன் சார்" என்றவர்களும் வரவில்லை. எனக்கு அது வருத்தம்தான். இரண்டே பேர் வந்த நாளிலும் வாசித்தோம், குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

வரவு செலவு ஏறத்தாழ சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம் உண்டு. ஜெராக்ஸ் செலவு என்னுடையது, அதைக் கேட்கவில்லை. ஆனால் 19 பேர் சந்தா பாக்கி. இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், டீ கொடுத்த தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டு அந்தச் சனிக்கிழமை வாசிப்புக் குறிப்புகளைச் சிறு புத்தகமாகப் போட ஆசை. தமிழில் தட்டச்சு தெரிந்த ஒருவர் வேண்டும், அச்சுக்கூலியும் வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். போகும்போது அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள்.

செயலாளர்