செயலாளரின் ஆண்டறிக்கை: கோவாப் புழுவும் பற்றீரியா மருந்தும்

தலைவர் அவர்களுக்கும் கமக்கார உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தோட்டப் பாதை வேலை பாதியில் நிற்கிறது, மழைக்கு முன் முடிக்க வேண்டும். எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருப்பது கோவாப் புழுவைப் பற்றித்தான்.

கோவா (முட்டைக்கோஸ்) இலையைத் தின்கிற வைரமுதுகுப் பூச்சியின் புழுவை எல்லோருக்கும் தெரியும். இலையின் அடிப்பக்கத்தை அரித்து, மேல்தோலை மட்டும் கண்ணாடி போல விட்டுவைக்கும். விரல் பட்டால் துடிதுடித்து நூலில் தொங்கும். கிழமைக்கு இரண்டு தரம் மருந்து அடித்தும் அடங்கவில்லை என்று போன வருடம் பலர் சொன்னீர்கள். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே அடிப்பது கீழே இறங்கினால் குடிக்கிற கிணற்றுக்குத்தான் வரும். இந்த நினைப்பே எனக்கு நித்திரையைக் கெடுத்தது.

அதனால் இந்த முறை மூன்று தோட்டங்களில் பி.ரி. என்ற பற்றீரியா மருந்தை அடித்துப் பார்த்தோம். முழுப்பெயர் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ். 1901இல் யப்பானில் செத்த பட்டுப்புழுக்களில் இஷிவாட்டா என்ற விஞ்ஞானி கண்டது. 1911இல் ஜேர்மனியின் துரிங்கியாவில் கோதுமை மாவில் வரும் அந்துப்பூச்சியின் புழுவில் இதைக் கண்ட பெர்லினர் என்ற விஞ்ஞானி அந்தப் பிரதேசத்தின் பெயரையே வைத்தார். பட்டால் சாகாது, புழு இதை இலையோடு தின்ன வேண்டும். அதன் குடல் காரத்தன்மையானது. அங்கே பற்றீரியாவின் புரதப் பளிங்கு கரைந்து குடற்சுவரில் ஓட்டை போடும். சில மணித்தியாலத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாக இரண்டு மூன்று நாள் எடுக்கும். எங்கள் வயிற்றில் இருப்பது அமிலம், அந்தப் புரதம் போய் ஒட்டுகிற இடமும் மனிதக் குடலில் இல்லை.

முதல் தரம் சரிவரவில்லை. காலை பத்து மணி வெயிலில், மேலிலையில் மட்டும் அடித்தோம். வெயில் இந்த மருந்தைச் சீக்கிரமே செயலிழக்கச் செய்துவிடும். ஒரு ஐயா அடுத்த நாளே பழைய மருந்துக்குத் திரும்பினார். அவரில் குறை சொல்ல மாட்டேன். புழு உயிரோடு நெளிவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்?

அப்புறம் பின்னேரம் ஐந்து மணிக்கு மேல், புழு குஞ்சாக இருக்கும்போதே, இலையின் அடியில் படும்படி அடித்தோம். கலந்ததை மறுநாளுக்கு வைக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய நானே இலையைப் புரட்டினேன். புழு கறுத்து, தொய்ந்து கிடந்தது. தொட்டேன், துடிக்கவில்லை. பக்கத்து இலையில் சிலந்தி ஒன்று எதுவும் ஆகாமல் வலை பின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை இங்கே பதிந்து வைக்கிறேன்.

இரண்டு விஷயம். மிளகாயின் இலைச்சுருளுக்கு இதை அடிக்காதீர்கள். சாறு உறிஞ்சுகிறவை இலையைத் தின்பதில்லை, பலன் கிடைக்காது. நல்லது என்று கிழமைதோறும் அடிப்பதும் ஆபத்து. ஹவாய்த் தோட்டங்களில் இதே பூச்சி பி.ரி.க்கும் பழகிப்போனது. இடையில் வேப்பங்கொட்டைக் கரைசலும் மாறி மாறி வர வேண்டும்.

அடுத்த போகத்தில் சேர விரும்புகிறவர்கள் நாற்று நடுமுன் என்னிடம் பெயர் தாருங்கள். பைக்கற்றுகளைச் சேர்த்து வாங்கி, வெயில் படாத குளிரான இடத்தில் வைத்துப் பங்கிடலாம்.

செயலாளர்